இரண்டு மாதத்தில் முறைசார் மீளாய்வு முடியுமா? 64 கட்டுரைகளைப் படித்த பிறகு கேட்கிறேன்

பதிவு 1 – வெண்ணாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் ஒரு தனியார் செவிலியர் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கர்ப்பிணிகளை இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வைக்க எடுக்கப்பட்ட முயற்சிகளில் எவை பலன் தந்தன என்பது என் தலைப்பு.

இந்தத் தலைப்பை நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன். கர்ப்ப காலத்தில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரையை 180 நாள் சாப்பிட வேண்டும் என்பது அரசுத் திட்டம். கிராம சுகாதார செவிலியரோடு நான் போன வீடுகளில் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் அடுக்கி இருந்தன. வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை கறுத்துப் பிறக்கும் என்று மாமியார் சொன்னார் என்று ஆளுக்கொரு காரணம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிவதில்லை என்பதை நேரில் பார்த்தவள் நான்.

ஒரு கேள்விக்கு இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒழுங்கான முறைப்படி தேடித் தொகுப்பதுதான் முறைசார் மீளாய்வு (சிஸ்டமேட்டிக் ரிவ்யூ). என் நெறியாளர், "சிஸ்டமேட்டிக் ரிவ்யூ ஒன்றை எழுதி இரண்டு மாதத்தில் இதழுக்கு அனுப்பிவிடு. கட்டுரைகளைச் சேர்த்துக்கொண்டே போ, கேள்வியைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்கிறார். கூகுள் ஸ்காலரில் தேடி 64 கட்டுரைகள் சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் படித்தும்விட்டேன். தனியாகத்தான் செய்கிறேன். இது சரியான வழிதானா? இரண்டு மாதத்தில் முடியுமா?

பதிவு 2 – நூலகமேசை

வாங்க தங்கச்சி. மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் பல ஆண்டுகளாக ஆய்வாளர்களுக்குத் தேடல் வகுத்துக் கொடுக்கிறேன். கால அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் பிராஸ்பெரோ பதிவேட்டில் இருந்த 195 மீளாய்வுகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வந்தது. பதிவு செய்த நாளிலிருந்து வெளியாகும் வரை சராசரியாக 67.3 வாரங்கள் ஆகியிருந்தன. அதாவது ஒரு வருடத்துக்கும் மேல். இதை உங்கள் நெறியாளரிடம் மரியாதையோடு காட்டுங்கள்.

அடுத்தது கூகுள் ஸ்காலர். துணைக்கு அது நல்லது, அதை மட்டும் நம்பக் கூடாது. ஒரு தேடலுக்கு முதல் ஆயிரம் முடிவுகளுக்கு மேல் அது காட்டாது. எந்தக் கட்டுரை மேலே வருகிறது என்பதை அதன் வரிசைமுறைதான் முடிவு செய்கிறது. நீங்கள் இன்று தேடியதை நான் ஆறு மாதம் கழித்து அதே சொற்களால் தேடினால் அதே பட்டியல் வராது. முறைசார் மீளாய்வுக்கு அந்தப் பெயரே வேறொருவர் அதே வழியில் நடந்து அதே இடத்துக்கு வர முடிய வேண்டும் என்பதால்தான் வந்தது.

நீங்கள் தட்டச்சு செய்த தேடல் சொற்றொடரை அப்படியே இங்கே போட முடியுமா?

பதிவு 3 – வெண்ணாற்றங்கரை

நன்றி அக்கா. வெறும் மூன்று சொற்கள்தான்: இரும்பு, கர்ப்பம், அட்ஹியரன்ஸ் (சொன்னபடி மருந்தை விடாமல் எடுத்துக்கொள்வது). ஆங்கிலத்தில். எழுதி வைக்கவில்லை, நினைவிலிருந்து சொல்கிறேன்.

பதிவு 4 – நூலகமேசை

எழுதி வைக்காதது பெரிய இழப்பு, ஆனால் மீட்கக் கூடியது. இனி ஒவ்வொரு தேடலையும் தேதி, தரவுத்தளம், சொற்றொடர், கிடைத்த எண்ணிக்கை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள்.

உங்கள் மூன்று சொற்களில் என்ன தவறிப் போகிறது என்று பாருங்கள். அட்ஹியரன்ஸ் என்ற சொல் பிற்காலத்தில்தான் பரவலானது. பழைய கட்டுரைகள் அதையே கம்ப்ளையன்ஸ் என்று எழுதும். சில கட்டுரைகள் இரண்டையும் விட்டுவிட்டு மாத்திரை உட்கொள்ளல் என்று மட்டும் சொல்லும். இரும்பு என்று தலைப்பில் போடாமல் இரத்தசோகைத் தடுப்பு என்று போட்டவர்களும் உண்டு. அந்த அனீமியாவையே பிரிட்டிஷ் வழக்கில் ஓர் எழுத்து கூட்டியும் அமெரிக்க வழக்கில் ஓர் எழுத்து குறைத்தும் எழுதுவார்கள். இந்திய இதழ்களில் இரண்டும் கலந்து கிடக்கும். பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் வெறுமனே தட்டினால் அது தானாகவே இணைச்சொற்களைத் தேடித் தரும். ஆனால் சொல்லின் முடிவில் நட்சத்திரக் குறி போட்டாலோ மேற்கோள் குறிக்குள் அடைத்தாலோ அந்த உதவி நின்றுவிடும். பலருக்கு இது தெரியாமலே பாதிக் கட்டுரைகளை இழந்துவிடுகிறார்கள்.

பப்மெட் கட்டுரைகளுக்குச் சூட்டப்படும் மெஷ் என்ற தரப்படுத்திய தலைப்புச்சொற்களையும் சாதாரணச் சொற்களையும் சேர்த்தே தேட வேண்டும். மெஷ் சூட்டப்படாத கட்டுரைகளும் பப்மெட்டில் இருக்கின்றன. பிறகு அதே சொற்றொடரை ஸ்கோபஸ், காக்ரேன் நூலகத்தின் சென்ட்ரல் ஆகிய மற்றத் தரவுத்தளங்களின் தேடல் இலக்கணத்துக்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டும். ஒன்றிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டினால் வேலை செய்யாது.

நீங்கள் ஏற்கெனவே படித்த 64இல் நிச்சயமாகப் பொருந்தும் பத்துக் கட்டுரைகளைத் தனியே எடுங்கள். புதிய சொற்றொடர் அந்தப் பத்தையும் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் வலையில் எங்கே ஓட்டை என்பது தெரிந்துவிடும்.

பதிவு 5 – எண்கோல்

உயிர்ப்புள்ளியியல் ஆசிரியன். நூலகமேசை அம்மா தேடலைச் சொல்லிவிட்டார். எனக்குக் கவலை தருவது வேறொன்று. "கேள்வியைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்ற அந்த ஒரு வரி.

யாரை, எந்த முயற்சியை, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவை அளந்து என்ற நான்கையும் கட்டுரைகளின் முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே எழுத்தில் வைக்க வேண்டும். எந்த ஆய்வு உள்ளே, எது வெளியே என்ற விதியையும் அப்படித்தான். முடிவைப் பார்த்த பிறகு விதி எழுதினால், நமக்குத் தெரியாமலே நமக்குப் பிடித்த ஆய்வுகள் உள்ளே வரும்படி எழுதிவிடுவோம். அதற்குப் பொய் சொல்லும் எண்ணம் இருக்க வேண்டியதே இல்லை. நேர்மையானவர்களுக்கும் நடக்கிறது. அதனால்தான் யார்க் பல்கலைக்கழகத்தில் 2011இல் பிராஸ்பெரோ பதிவேட்டைத் தொடங்கினார்கள். கட்டணம் கிடையாது. கட்டுரைகளிலிருந்து தரவு எடுக்கத் தொடங்குவதற்கு முன் பதிய வேண்டும்.

நீங்கள் 64ஐயும் படித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள் அம்மா. படித்த பிறகு விதிகளில் எதையாவது மாற்ற வேண்டும் என்று தோன்றியதா? உள்ளபடி சொல்லுங்கள். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை.

பதிவு 6 – வெண்ணாற்றங்கரை

ஐயா, தோன்றியது. கைப்பேசிக் குறுஞ்செய்தியால் நினைவூட்டும் ஆய்வுகள் பல நல்ல பலன் காட்டின. பழைய ஆய்வுகளில், குறிப்பாக வீடு தேடிப் போய் அறிவுரை சொன்னவற்றில், முடிவு குழப்பமாக இருந்தது. "2015க்குப் பிறகு வந்தவை மட்டும்" என்று வரம்பு வைத்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். அப்போது அது வசதியாகத்தான் தெரிந்தது. இப்போது நீங்கள் கேட்ட பிறகு யோசித்தால், அந்த ஆண்டை நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதற்கு அந்த முடிவுகளைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியவில்லை.

பதிவு 7 – எண்கோல்

இதை ஒப்புக்கொள்ள மனத்திடம் வேண்டும். உங்களை மதிக்கிறேன்.

ஆண்டு வரம்பு வைப்பது தவறல்ல. அதற்குப் பொருளிலிருந்து காரணம் வர வேண்டும். ஒரு நாட்டின் திட்டத்தை மட்டும் ஆராய்ந்தால் அந்தத் திட்டம் தொடங்கிய ஆண்டு ஒரு காரணம். மருந்தின் அளவு மாறியது ஒரு காரணம். உங்கள் கேள்விக்கு அப்படி எதுவும் இல்லை என்றால் வரம்பை எடுத்துவிடுங்கள்.

இந்த 64ஐப் படித்ததை மறைக்கவும் வேண்டாம். "நெறிமுறைத் திட்டம் எழுதுவதற்கு முன் முதற்கட்டமாக இத்தனை கட்டுரைகளைப் படித்திருந்தோம்" என்று, கேள்வியும் விதிகளும் அடங்கிய அந்தத் திட்டத்திலேயே எழுதுங்கள். பிறகு புதிதாக முழுத் தேடலையும் நடத்துங்கள். அந்த 64ம் மற்றவற்றைப் போலவே சல்லடையில் விழட்டும். முன்பே படித்தவை என்ற சலுகை அவற்றுக்கு வேண்டாம்.

பதிவு 8 – ஊர்மருத்துவர்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அந்தப் பிரிக்காத அட்டைகளை நானும் பார்த்திருக்கிறேன், சகோதரி. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வேலை எவ்வளவு தேவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

மருத்துவ மீளாய்வுகளைத் தயாரிக்கும் காக்ரேன் அமைப்பின் சின்னத்தைக் கவனித்திருப்பீர்கள். வட்டத்துக்குள் சில கிடைக்கோடுகளும் கீழே ஒரு சின்ன வைரமும் இருக்கும். அலங்காரத்துக்காக வரைந்தது அல்ல. குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று பார்த்த ஆய்வுகளின் வரைபடம் அது; ஒவ்வொரு கிடைக்கோடும் ஓர் ஆய்வு, வைரம் அவற்றின் கூட்டு முடிவு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ், ஹோவி இருவரும் செய்த முதல் ஆய்வு 1972இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டுகளில் மேலும் ஆய்வுகள் வந்தன. தனித்தனியே பார்த்தால் பல கோடுகள், வித்தியாசம் இல்லை என்பதைக் குறிக்கும் நடுக்கோட்டைத் தொட்டுக்கொண்டு "உறுதியாகத் தெரியாது" என்றே சொல்லும். எல்லாவற்றையும் சேர்த்தால் வைரம் நடுக்கோட்டைத் தொடாமல் தெளிவாக ஒரு பக்கம் நிற்கும். ஊசி குழந்தைகளைக் காக்கிறது என்று அர்த்தம். ஆனால் முறையாகத் தொகுத்து 1989இல்தான் வெளியிட்டார்கள். அதுவரை பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்கள் அந்த ஊசியைப் போடவில்லை. மலிவான ஊசி அது. இடைப்பட்ட வருடங்களில் மூச்சுத் திணறி இறந்த குழந்தைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. சான்று இருந்தது, சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை.

ஆர்ச்சி காக்ரேன் 1972இல் எழுதிய நூலில் தொடங்கிய வாதம்தான் 1993இல் அவர் பெயரில் அமைப்பானது. நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் தெற்காசிய மையம் இயங்கி, இங்குள்ள பலருக்கு இந்த முறையில் பயிற்சி கொடுத்தது.

பதிவு 9 – கேள்விக்குறி

எல்லோரும் புகழ்வதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். இன்று முறைசார் மீளாய்வு என்பது ஆய்வுக்கூடமும் களமும் இல்லாமல் வெளியீட்டு எண்ணிக்கை ஏற்றும் வழியாகிவிட்டது. ஜான் அயோனிடிஸ் 2016இல் இதைப் பற்றியே எழுதினார். ஒரே கேள்விக்கு ஒன்றன் மேல் ஒன்றாகத் தேவையற்ற மீளாய்வுகள் குவிகின்றன என்பது அவர் குற்றச்சாட்டு. சகோதரி, உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று பார்த்தீர்களா? செய்திருந்தால் நீங்கள் அதே களத்துக்குப் போய் நூறு தாய்மார்களிடம் பேசுவதே மேல்.

இன்னொன்று. மோசமான ஆய்வுகளைச் சேர்த்தால் மோசமான விடைதான் வரும். கொரோனா காலத்தில் ஐவர்மெக்டின் மருந்துக்குச் சாதகமாகப் பேசிய சில தொகுப்புகள், எகிப்திலிருந்து வந்த ஒரே ஒரு முன்வெளியீட்டுக் கட்டுரையை (இதழின் மதிப்பாய்வுக்கு முன்பே இணையத்தில் வந்ததை)ப் பெரிதும் நம்பியிருந்தன. அதன் தரவுகள் கேள்விக்குள்ளாகி 2021 ஜூலையில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதைக் கண்டுபிடித்தது தொகுப்பை எழுதிய நிபுணர்கள் அல்ல. இலண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர், பாடப்பணிக்காக மூலத் தரவைத் திறந்து பார்த்தபோது கண்டுகொண்டார்.

பதிவு 10 – எண்கோல்

கேள்விக்குறி சொல்வதில் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். பிராஸ்பெரோவிலும் காக்ரேன் நூலகத்திலும் தேடி, இதே கேள்விக்கு அண்மையில் நல்ல மீளாய்வு இருந்தால் வேறு கேள்வி எடுக்க வேண்டும்.

இரண்டாம் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. மோசமான ஆய்வு உள்ளே வருவது இந்த முறையின் தோல்வி அல்ல. ஒவ்வொரு ஆய்விலும் பக்கச்சார்பு எங்கே நுழைந்திருக்கலாம் என்று வரி வரியாகச் சோதிக்கும் படிநிலை இதில் இருக்கிறது. அதைப் பெயருக்குச் செய்கிறார்கள், அதுதான் நோய். அந்த மாணவர் செய்தது தேர்ந்த மீளாய்வாளர் செய்ய வேண்டிய வேலையேதான்.

வெளிவராத ஆய்வுகளும் உண்டு. அவை இன்னும் ஆபத்தானவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்து ஆய்வுகளை எரிக் டர்னர் குழு பின்தொடர்ந்து 2008இல் வெளியிட்டது. அந்த அமைப்பு சாதகம் என்று மதிப்பிட்டவை 38. அதில் 37 வெளியாயின. மீதி 36இல் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகமான தோற்றத்தோடு வெளிவந்தன, 3 மட்டும் உள்ளபடி வந்தன. இதழ்களை மட்டும் படித்தவருக்கு எல்லா மருந்தும் அற்புதமாகத்தான் தெரிந்திருக்கும். நம் நாட்டில் மருத்துவ ஆய்வுப் பதிவேடு 2007இல் தொடங்கியது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளுக்குப் பதிவு கட்டாயம். அங்கே பதிந்து முடித்தும் இதழில் வராத ஆய்வுகளைத் தேடி அவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள்.

பதிவு 11 – நூலகமேசை

ஐயா சொன்னதோடு சேர்த்து: உங்கள் தலைப்புக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுக் களஞ்சியமும் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் உள்ள சோத்கங்கா இணையதளமும் தங்கச் சுரங்கம். முதுநிலைச் செவிலியர் மாணவிகள் எத்தனையோ பேர் நம் ஊர்க் கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வுகள் இதழ் பக்கமே போகாமல் அங்கே உறங்குகின்றன. வெளிநாட்டவர் எழுதும் மீளாய்வுகளில் அவை இருக்காது. நீங்கள் செய்வதற்கு அதுவே ஒரு நியாயம்.

பதிவு 12 – வெண்ணாற்றங்கரை

கேள்விக்குறி ஐயாவின் கேள்வி உறுத்தியது. இரண்டு நாள் தேடினேன். பொதுவாக இரும்பு மாத்திரை பற்றிய மீளாய்வுகள் இருக்கின்றன. தெற்காசியாவில் சமூக அளவிலான முயற்சிகளை மட்டும், வெளிவராத ஆய்வேடுகளையும் சேர்த்துப் பார்த்தது என் கண்ணில் படவில்லை. கேள்வியை அப்படிச் சுருக்கிக்கொள்கிறேன்.

முழுக்கட்டுரைகளைப் பெறுவதுதான் பெரும்பாடு. ஆய்விதழ்களுக்கு அரசே சந்தா கட்டும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபோது மகிழ்ந்தேன். அரசு நிறுவனங்களுக்கு மட்டும் என்று பிறகு தெரிந்தது. தனியார் கல்லூரியில் இருக்கும் எங்களுக்கு அந்த 13,000 இதழ்களின் கதவு திறக்கவில்லை. ஒரு கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாய் கேட்கிறார்கள்.

பதிவு 13 – நூலகமேசை

எதற்கும் பணம் கட்டாதீர்கள். முதலில் முழுக்கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல், அடுத்து இலவசப் பிரதி இருந்தால் காட்டும் அன்பேவால் உலாவி நீட்சி, அடுத்து கட்டுரையாசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். உங்கள் கல்லூரி, நூலகங்கள் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளும் டெல்நெட் வலையமைப்பில் உறுப்பினரா என்று நூலகரிடம் கேளுங்கள். கடைசிவரை கிடைக்காதவற்றைக் "கிடைக்கவில்லை" என்று எத்தனை கட்டுரை வந்தது, எத்தனை விலக்கப்பட்டது என்று காட்டும் பிரிஸ்மா ஓட்டப்படத்தில் எண்ணோடு காட்டுங்கள்.

பிரிஸ்மா என்றதும் ஒன்று. "பிரிஸ்மா முறையில் மீளாய்வு செய்தோம்" என்று எழுதாதீர்கள். அந்த 27 அம்சப் பட்டியல் செய்ததை எப்படி அறிக்கையிடுவது என்று சொல்வது. எப்படிச் செய்வது என்று சொல்வது அல்ல. அதற்குக் காக்ரேன் கையேடு இருக்கிறது.

பதிவு 14 – நிரல்வழி

மென்பொருள் பொறியியல் ஆய்வு மாணவன். எங்கள் துறைக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவர் பார்பரா கிச்சனம், 2004இல். எங்களிடம் சொற்கள் ஒரே சீராக இல்லாததால் தேடல் மட்டும் போதாது. கிடைத்த கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் பின்னோக்கியும், அதை மேற்கோள் காட்டியவற்றில் முன்னோக்கியும் போவோம். அக்காவுக்கும் உதவும்.

கட்டுரைகளைச் சலிப்பதற்கு, அதாவது எது உள்ளே, எது வெளியே என்று பிரிப்பதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்று நான் சோதித்தேன். வரிசைப்படுத்த உதவியது. ஆனால் "இந்தத் தலைப்பில் கட்டுரைகள் சொல்" என்று உரையாடல் செயலியிடம் கேட்டபோது இல்லாத கட்டுரைகளை ஆசிரியர் பெயரோடும் இதழ் பெயரோடும் கொடுத்தது. தேடலுக்கு அதை நம்பவே கூடாது.

பதிவு 15 – சுவடிக்கூடம்

தமிழியல் துறையிலிருந்து ஒரு குரல். எங்களிடம் "இலக்கிய மீளாய்வு" என்றால் சங்க இலக்கியத்தை மறுபடி படிப்பதா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். அது போகட்டும். எங்களுக்குப் பப்மெட் போல ஒன்று கிடையாது. ஒரே நூல் ரோஜா முத்தையா நூலகப் பட்டியலில் ஒரு ரோமன் எழுத்துக்கூட்டலிலும் வெளிநாட்டுப் பட்டியலில் வேறொன்றிலும் இருக்கும். கருத்தரங்கக் கட்டுரைகள் தொகுப்பு மலர்களில் புதைந்து கிடக்கும். எண்களைச் சேர்த்து வைரம் வரைவது எங்களுக்குப் பொருந்தாது. ஆனால் எங்கே தேடினேன், எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று எழுதி வைக்கும் ஒழுக்கம் எங்கள் ஆய்வேடுகளுக்கு மிகவும் தேவை. "இத்தலைப்பில் இதுவரை எவரும் ஆராயவில்லை" என்ற வரியைத் தேடாமலே எழுதும் பழக்கத்தால் எத்தனை மூத்த ஆய்வாளர்களின் உழைப்பு மறக்கப்பட்டிருக்கிறது!

பதிவு 16 – வெண்ணாற்றங்கரை

எண்கோல் ஐயா, இரண்டு பேர் சலிக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. நான் ஒருத்தியே கவனமாக இரண்டு முறை பார்த்தால் போதாதா?

பதிவு 17 – எண்கோல்

போதாது அம்மா. ஒரே கண் ஒரே இடத்தில்தான் தவறும். இரண்டு பேர் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்காமல் சலிக்க வேண்டும்.

எத்தனை விழுக்காடு ஒத்துப்போனீர்கள் என்று மட்டும் சொல்லி மகிழ்ந்துவிடவும் கூடாது. நூறு கட்டுரைச் சுருக்கங்களில் இருவருமே ஆளுக்குத் தொண்ணூறை வெளியே தள்ளுகிறீர்கள் என்று வையுங்கள். படிக்காமல் கண்ணை மூடித் தள்ளினாலும் இருவரும் சேர்ந்து தள்ளுவது 81, சேர்ந்து எடுப்பது 1, ஆக 82 இடத்தில் தற்செயலாகவே ஒத்துப்போவீர்கள். உண்மையில் 92இல் ஒத்துப்போனால், தற்செயலுக்கு மேல் கிடைக்கக்கூடிய 18இல் நீங்கள் அடைந்தது 10. தற்செயலைக் கழித்த இந்த ஒத்திசைவு அளவுக்குக் கப்பா என்று பெயர்; இங்கே அது ஏறக்குறைய 0.56. கேட்பதற்கு 92 பெரிதாக இருக்கிறது, ஆனால் விதி தெளிவாக இல்லை என்று இந்த 0.56 சொல்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. கடைசியில் "பத்து ஆய்வுகளில் ஏழு பலன் காட்டின" என்று தலை எண்ணாதீர்கள். 40 பேர் ஆய்வும் 4,000 பேர் ஆய்வும் ஒரு வாக்காகிவிடும். உங்கள் தலைப்பில் ஒருவர் மிச்ச மாத்திரையை எண்ணியிருப்பார், ஒருவர் தாயிடம் வாயால் கேட்டிருப்பார், ஒருவர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்திருப்பார். இவற்றை ஒரே எண்ணாக்க முடியாமல் போகலாம். அப்போது எண்களை ஒன்றாகச் சேர்க்கும் மெட்டா பகுப்பாய்வைக் கைவிட்டு, அளவீட்டு வகைப்படி குழுவாக்கி விளக்குங்கள். அதற்கென்று 2020இல் ஸ்விம் என்ற வழிகாட்டுதல் வந்திருக்கிறது. வைரம் இல்லாத மீளாய்வு தாழ்ந்தது இல்லை.

பதிவு 18 – ஊர்மருத்துவர்

சகோதரி, இரண்டாவது கண்ணாக நான் வருகிறேன். இரவுப் பணி இல்லாத நாட்களில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியும். சுருக்கங்களைச் சலிக்க உதவும் ரய்யான் இணையச் செயலியில் ஒரு கணக்கு தொடங்கி என்னைச் சேர்த்துவிடுங்கள், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாத அமைப்பில். முதலில் ஐம்பது சுருக்கங்களை ஒத்திகையாகச் சலிப்போம்.

பதிவு 19 – வெண்ணாற்றங்கரை

நிலவரம் சொல்ல வந்தேன். நூலகமேசை அக்கா அந்தப் பத்துக் கட்டுரைச் சோதனையைச் செய்யச் சொன்னார்கள் அல்லவா? என் பழைய மூன்று சொற்களைப் பப்மெட்டில் போட்டுப் பார்த்தேன், ஆறைத்தான் பிடித்தது. புதிய சொற்றொடர் பத்தையும் பிடித்தது. நெறியாளரிடம் 67 வாரக் கணக்கைக் காட்டினேன். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, நெறிமுறைத் திட்டத்தை முதலில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார். 2015 வரம்பை எடுத்துவிட்டேன். முன்பே 64 கட்டுரைகளைப் படித்ததையும் அதில் எழுதியிருக்கிறேன்.

மருத்துவரும் நானும் ஒத்திகையாக ஐம்பது சுருக்கங்களைச் சலித்தோம். ஒன்பதில் ஒத்துப்போகவில்லை. அதில் ஆறு, கர்ப்பிணிகளையும் பிரசவமான தாய்மாரையும் சேர்த்து எடுத்த ஆய்வுகள். நான் உள்ளே எடுத்தேன், அவர் வெளியே தள்ளினார். இருவரிடமும் நியாயம் இருந்தது. விதியில்தான் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

பதிவு 20 – ஊர்மருத்துவர்

கர்ப்பிணிகளின் முடிவைத் தனியே பிரித்துக் கொடுத்திருந்தால் உள்ளே, இல்லையென்றால் ஆசிரியருக்கு எழுதிக் கேட்பது, பதில் வராவிட்டால் வெளியே. இப்படி எழுதலாமா? உங்களுக்குச் சரி என்றால் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வேறு ஐம்பதை எடுத்து மறுபடி சலித்துப் பார்ப்போம். அது ஒத்துவந்த பிறகு பிராஸ்பெரோவில் பதியலாம்.